கடல் தாண்டி வரும் பொட்டாஷ்... பங்கு பிரிப்பதில் நியாயம் எங்கே?

வாழைக்கு உயிர்நாடி சாம்பல் சத்து. தாமிரபரணிப் பாசனத்தில் ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர், திருச்செந்தூர் வட்டாரங்களில் வாழை போடும் விவசாயிகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரம் ஒன்றுக்கு 330 கிராம் சாம்பல் சத்து என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு. கடையில் வாங்கும் பொட்டாஷில் 60 சதவிகிதம்தான் சத்து. அப்படியென்றால் மரத்துக்கு 550 கிராம் பொட்டாஷ். ஆயிரம் வாழை நிற்கும் தோட்டத்துக்கு 550 கிலோ, அதாவது 11 மூட்டை.

2021-ம் ஆண்டுத் தொடக்கத்தில் மூட்டை ஆயிரம் ரூபாய் அளவில் கிடைத்த பொட்டாஷ், 2022-ல் 1,700 ரூபாயைத் தொட்டது. ஆயிரம் வாழைக்கு 7,700 ரூபாய் கூடுதல் செலவு. அந்த வருஷம் தார் விலை அதற்கு ஏற்ப உயர்ந்ததா என்றால், இல்லை. 'உரக்கடைக்காரர் பதுக்குகிறார்', 'கம்பெனி கொள்ளை அடிக்கிறது' என்று அப்போது பேச்சு எழுந்தது. அந்த விலை ஏற்றத்தின் வேர் உரக்கடையில் இல்லை. ஐரோப்பாவில் லிதுவேனியா என்ற சின்ன நாட்டின் ரயில் பாதையிலும், கனடாவின் சுரங்கங்களிலும், டெல்லி அதிகாரிகள் கையெழுத்திடும் ஒப்பந்தங்களிலும் இருக்கிறது.

30 கனிமங்களில் இரண்டு நம் வயலுக்கு

'முக்கியக் கனிமங்கள்' என்ற சொல் இப்போது செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறது. லித்தியம், கோபால்ட், அரிய மண் தனிமங்கள் என்று சொல்வார்கள். மின்சார கார், செல்போன், காற்றாலை, ஏவுகணை என்று உதாரணம் காட்டுவார்கள். விவசாயிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும்.

மத்திய சுரங்க அமைச்சகம் 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலை வெளியிட்டது. நாட்டின் பொருளாதாரத்துக்கு அவசியமானவை, கிடைக்காமல் போகும் ஆபத்து உள்ளவை என்ற அடிப்படையில் தயாரான பட்டியல் அது. அதில் லித்தியமும் கோபால்ட்டும் இருக்கின்றன. கூடவே பாஸ்பரஸும் பொட்டாஷும் இருக்கின்றன. மணிச்சத்தும் சாம்பல் சத்தும்தான் அவை.

இந்தியாவில் வணிக அளவில் பொட்டாஷ் வெட்டி எடுக்கும் சுரங்கம் இல்லை. வயலுக்குப் போகும் பொட்டாஷ் உரம் வெளிநாட்டுச் சரக்கு. பாஸ்பேட் பாறை ராஜஸ்தானில் ஜாமர்கோட்ராவில் கிடைக்கிறது. ஆனால், அது நம் தேவைக்குப் போதாது. மொராக்கோ, ஜோர்டான், எகிப்து, டோகோ போன்ற நாடுகளிலிருந்து பாறையாகவோ, பாஸ்பாரிக் அமிலமாகவோ, டி.ஏ.பி-யாகவோ கப்பலில் வர வேண்டும். உலகப் பாஸ்பேட் இருப்பில் மூன்றில் இரண்டு பங்கு மொராக்கோவின் கையில் இருக்கிறது. பொட்டாஷில் கனடா, ரஷ்யா, பெலாரஸ் ஆகிய மூன்று நாடுகள்தான் உலக உற்பத்தியில் பெரும்பகுதியை வைத்திருக்கின்றன.

தென்மாவட்டங்களுக்கு இந்தச் சரக்கு வந்து இறங்கும் வாசல்களில் ஒன்று தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம். நிலக்கரியோடு உரமும், உரத்துக்கான மூலப்பொருள்களும் இங்கே இறங்குகின்றன. கப்பலில் மூட்டை வருவதில்லை. மணல் குவியல்போலத் தளர்வாக வரும் சரக்கை இறக்கி, மூட்டை பிடித்து, லாரியிலும் ரயிலிலும் ஏற்றி அனுப்புகிறார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் மூட்டையில் இந்திய கம்பெனியின் பெயர் இருக்கும். உள்ளே இருப்பது கனடாவின் சஸ்காட்சுவான் மாநிலத்து மண்ணாக இருக்கலாம்.

247 டாலர் 590 ஆன கதை

2021-ம் ஆண்டுத் தொடக்கத்தில் பெலாரஸ் நிறுவனத்தோடு இந்தியா போட்ட பொட்டாஷ் ஒப்பந்தத்தின் விலை டன்னுக்கு 247 டாலர். 2022-ல் போட்ட ஒப்பந்தத்தில் 590 டாலர். ஒரே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல். 2023-ல் 422 டாலராக இறங்கியது.

இடையில் என்ன நடந்தது? பெலாரஸுக்குக் கடல் கிடையாது. அதன் பொட்டாஷ் லிதுவேனியா வழியாக ரயிலில் போய், கிளைப்பேடா துறைமுகத்தில் கப்பல் ஏறும். பெலாரஸ் அரசு மீது மேற்கத்திய நாடுகள் பொருளாதாரத் தடை விதித்தன. 2022 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து லிதுவேனியா அந்த ரயில் பாதையை மூடியது. அதே மாதம் ரஷ்யா, உக்ரைன் மீது படையெடுத்தது. உலகப் பொட்டாஷ் உற்பத்தியில் பெரும்பங்கு வைத்திருந்த மூன்று நாடுகளில் இரண்டு சிக்கலில் மாட்டின. மிச்சம் இருந்தவர்கள் சொன்னதே விலை.

டி.ஏ.பி கதையும் இதுதான். 2021 மே மாதத்தில் உலகச் சந்தை விலையால் மூட்டை 1,900 ரூபாய்க்குப் போகும் நிலை வந்தது. மத்திய அரசு மூட்டைக்கான மானியத்தை 500 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தி, விவசாயிக்குப் பழைய 1,200 ரூபாய் விலையிலேயே கிடைக்கச் செய்தது. அன்றைக்கு விவசாயி தப்பினார். சுமை வரிப்பணத்தின் மேல் ஏறியது.

வருஷத்துக்கு ஒருமுறை சந்தைக்குப் போய், கிடைத்த விலைக்கு வாங்குகிற முறை நல்ல காலத்துக்கு மட்டும் ஏற்றது. நெருக்கடி வந்தால் விற்பவர் வைத்ததே சட்டம். இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவதுதான் கூட்டு: கனிமம் உள்ள நாட்டோடு சேர்ந்து முதலீடு செய்து, ஆலை கட்டி, பல ஆண்டுகளுக்குச் சரக்கை உறுதி செய்வது.

ஜோர்டான் பாலைவனத்தில் தூத்துக்குடி உறவு

தூத்துக்குடி ஸ்பிக் நிறுவனம் 1990-களிலேயே இந்தப் பாதையில் இறங்கியது. ஜோர்டான் நாட்டுப் பாஸ்பேட் சுரங்க நிறுவனத்தோடும் ஓர் அரபு முதலீட்டு நிறுவனத்தோடும் சேர்ந்து, 'இந்தோ-ஜோர்டான் கெமிக்கல்ஸ்' என்ற கூட்டு நிறுவனத்தை ஏற்படுத்தியது. ஜோர்டானின் தெற்கே எஷிதியா சுரங்கப் பகுதியில் பாஸ்பாரிக் அமில ஆலை எழுந்தது. அமிலம் அகாபா துறைமுகத்தில் கப்பல் ஏறி, செங்கடல் வழியாக இந்தியா வந்தது.

பாறையாகவே கொண்டுவராமல் ஏன் அங்கே ஆலை? கணக்கு எளிது. ஒரு டன் மணிச்சத்து அளவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்க மூன்று டன்னுக்கும் மேல் பாறை வேண்டும். பாறையைக் கந்தக அமிலத்தோடு சேர்க்கும்போது ஏறக்குறைய ஐந்து டன் ஜிப்சம் கழிவாகத் தேங்கும். பாறையைக் கப்பலில் ஏற்றினால், பயன்படாத எடைக்கும் வாடகை கட்ட வேண்டும். சுரங்கத்தின் பக்கத்திலேயே ஆலை இருந்தால் கப்பல் செலவு குறையும். அந்த நாட்டுக்கும் வெறும் பாறையை விற்பதைவிடக் கூடுதல் வருமானமும் வேலையும் கிடைக்கும்.

பிற்பாடு இந்தியத் தரப்பின் பங்குகளை ஜோர்டான் நிறுவனம் வாங்கிக்கொண்டது. பாதை மட்டும் மூடவில்லை. இஃப்கோ கூட்டுறவு நிறுவனம் 52 சதவிகிதம், ஜோர்டான் நிறுவனம் 48 சதவிகிதம் என்ற கணக்கில் அதே எஷிதியாவில் இன்னொரு பெரிய அமில ஆலையைக் கட்டியது.

யூரியாவிலும் ஓர் உதாரணம் உண்டு. ஓமன் நாட்டின் சூர் நகரில் இஃப்கோ 25 சதவிகிதம், கிரிப்கோ 25 சதவிகிதம், ஓமன் அரசு எண்ணெய் நிறுவனம் 50 சதவிகிதம் என்று சேர்ந்து ஆலை அமைத்தன. எரிவாயு ஓமனுடையது. அங்கே தயாராகும் யூரியாவை முன்பே பேசிய விலையில் 15 ஆண்டுகளுக்கு இந்தியா வாங்கிக்கொள்ளும் என்பது ஒப்பந்தம். 2008-ல் உலகச் சந்தையில் உர விலை எகிறியபோது இந்தியாவுக்கு அது பெரிய பாதுகாப்பாக இருந்தது. அதே நேரம், சந்தை விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் இடைவெளி கூடக் கூட, விற்பவர் தரப்பில் மனக்குறை வளர்வது இயல்பு. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பழைய விலையும் முடிந்துபோனது. ஒரு தரப்பு மட்டும் லாபம் பார்க்கும் கூட்டு, காலக்கெடுவைத் தாண்டி நிற்காது.

மூன்று குவியல், ஒரு நியாயம்

நியாயமாகப் பங்கு பிரிப்பது முத்துக்குளித்துறைக்குப் பழக்கமான விஷயம். கொற்கைக் காலம் தொட்டு மன்னார் வளைகுடாவின் முத்து உலகம் முழுக்கப் போனது. போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறினாலும், முத்துப் பாரில் மூச்சடக்கிக் குளித்தவர்கள் இந்தக் கரை மக்கள்தான்.

ஆங்கிலேயர் காலச் சலாபத்தில் ஒரு முறை இருந்தது. கடலிலிருந்து வந்த சிப்பிகளைக் குளியாளர்களே மூன்று சம குவியல்களாகப் பிரிப்பார்கள். அதில் எந்த இரண்டு அரசுக்கு என்று அரசுத் தரப்பு சொல்லும். மிச்சமுள்ள ஒன்று குளியாளர்களுக்கு. எந்தக் குவியல் தனக்கு வரும் என்று பிரிப்பவருக்குத் தெரியாது. அதனால் ஏமாற்ற முடியாது. அரசின் பங்கு அங்கேயே ஏலம் போகும். கணக்கு எல்லோர் கண்முன்னும் நடந்தது.

பிரிக்கும் முறை நியாயம். ஆனால், பங்கின் அளவு நியாயமா? சுறாவுக்கும் மூச்சுத்திணறலுக்கும் உயிரைப் பணயம் வைத்தவருக்கு மூன்றில் ஒன்று. கரையில் நின்றவருக்கு மூன்றில் இரண்டு. விகிதத்தைத் தீர்மானித்தபோது குளியாளரை யாரும் கேட்கவில்லை. அந்த முத்தும் நிலைக்கவில்லை. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்தது 1961-ல்.

கனிம ஒப்பந்தங்களுக்கும் இதே இரண்டு கேள்விகள்தான். கணக்கு வெளிப்படையா? விகிதத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் மண்ணுக்குச் சொந்தக்காரர் உட்கார்ந்திருக்கிறாரா?

கொடுக்கும் இடத்தில் நாம் இருந்தபோது...

இன்று பொட்டாஷ் வாங்கும் இடத்தில் இருக்கும் இந்தக் கடற்கரை, ஒரு காலத்தில் கனிமம் கொடுக்கும் இடத்தில் இருந்தது. 1909-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பெர்க், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் தாதுவைக் கண்டுபிடித்தார். மோனசைட்டில் உள்ள தோரியம், காஸ் விளக்கின் வலைக்கு வேண்டிய பொருள். உடனே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது. மணல் இங்கிருந்து கப்பலில் போனது. விலை உயர்ந்த பொருளாக மாறியது ஐரோப்பாவில். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன்காரர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு அந்தத் தொழில் மாறியது. கரையோர மக்களுக்குக் கிடைத்தது மணல் சுமந்த கூலி மட்டுமே.

சுதந்திரத்துக்குப் பிறகு மோனசைட்டை அப்படியே ஏற்றுமதி செய்வதில்லை என்று இந்தியா முடிவெடுத்தது. 1950-ல் அரசு அரிய மண் நிறுவனம் தொடங்கி, 1952-ல் ஆலுவாவில் ஆலை திறந்தது. 'மண்ணை விற்க மாட்டோம், பதப்படுத்தித்தான் தருவோம்' என்று இன்று ஆப்பிரிக்க நாடுகள் சொல்வதை இந்தியா அன்றே சொன்னது. 2012-ல் ஜப்பானோடு அரிய மண் ஒப்பந்தம் போட்டது. 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் தனிமங்களுக்கும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, தன் கையிருப்பைத் தன் தேவைக்கே வைத்துக்கொள்வது பற்றி இந்தியாவே யோசிக்க ஆரம்பித்தது.

தாது மணலின் மற்றொரு பக்கமும் இந்தக் கரைக்குத் தெரியும். அளவுக்கு மீறி மணல் அள்ளியதாக எழுந்த புகார்களின் மேல் 2013-ல் தமிழக அரசு முதலில் தூத்துக்குடி மாவட்டத்திலும், பிறகு மற்ற மாவட்டங்களிலும் தாது மணல் எடுக்கத் தடை விதித்தது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 5,832 கோடி ரூபாய் வசூலிக்கும் அரசின் நடவடிக்கையையும் உறுதி செய்தது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிமம் எடுக்கும் திட்டத்தை மீனவர்களும் ஊர் மக்களும் எதிர்த்து நிற்கிறார்கள். தாமிரமும் அந்த 30 கனிமங்களில் ஒன்றுதான். தூத்துக்குடியில் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே மாதம் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்ததை இந்த ஊர் மறக்காது.

ஊர் சம்மதம் இல்லாத கனிமம் எவ்வளவு அவசியமானதாக இருந்தாலும் நிலைக்காது என்பதற்கு இந்த ஊரே சாட்சி. தூத்துக்குடிக்கு உள்ள இந்த உரிமை எஷிதியாவில் இருப்பவருக்கும் உண்டு.

நவ்ரு தீவு சொல்லும் பாடம்

உரக் கனிமத்தில் நடந்த அநியாயத்துக்கு உலகம் காட்டும் உதாரணம், பசிபிக் கடலில் உள்ள நவ்ரு தீவு. மொத்தப் பரப்பே 21 சதுர கிலோமீட்டர். 1907 முதல் அங்கே பாஸ்பேட் வெட்டினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்த நிறுவனம் பல பத்தாண்டுகள் அதை எடுத்துத் தங்கள் பண்ணைகளுக்குக் கொண்டுபோனது. தீவின் ஐந்தில் நான்கு பங்கு நிலம் கூரான பாறைத் தூண்களாக மிஞ்சியது. அதில் எதுவும் விளையாது. 1989-ல் நவ்ரு, ஆஸ்திரேலியா மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1993-ல் 107 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் தருவதாக சமரசம் ஆனது. பணம் வந்தது; மண் திரும்பி வரவில்லை. ஒரு நாட்டின் வயல் செழிக்க இன்னொரு நாட்டின் வயல் அழிந்த கணக்கு அது.

மேற்கு சஹாராவின் கதை இன்னும் முடியவில்லை. மொராக்கோவின் கட்டுப்பாட்டில் உள்ள அந்தப் பகுதியை ஐ.நா. சபை, 'சுயாட்சி பெறாத பகுதி' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. அங்கே வெட்டிய பாஸ்பேட்டோடு நியூசிலாந்துக்குப் போன ஒரு கப்பல் 2017-ல் தென்னாப்பிரிக்காவில் மடக்கப்பட்டது. சரக்கு சஹாரா மக்கள் தரப்புக்கே சொந்தம் என்று 2018-ல் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. உரிமைத் தகராறு உள்ள சரக்கை வாங்கினால், பயிருக்கு உரம் வேண்டிய நேரத்தில் கப்பல் நடுவழியில் நிற்கும். அடுத்தவருக்கு நியாயம் செய்வதில் வாங்குபவருடைய பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.

நியாயமான கூட்டுக்கு ஐந்து அளவுகோல்

*ஒன்று, விலைக்கு மேலும் கீழும் வரம்பு.* கரும்புக்கு ஆதார விலை கேட்கும் விவசாயிக்கு இது புரியும். சந்தை விழுந்தால் விற்பவர் சாகக் கூடாது. எகிறினால் வாங்குபவர் சாகக் கூடாது. வரம்பைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை இரண்டு தரப்பும் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

*இரண்டு, பதப்படுத்தும் வேலையில் பங்கு.* பாறையை மட்டும் அள்ளிக்கொண்டு வருவது நெல்லைக் களத்துமேட்டிலேயே வாங்கி அரிசி லாபத்தை வியாபாரி பார்ப்பதுபோல. அமில ஆலை, பயிற்சி, வேலை ஆகியவற்றில் ஒரு பகுதி அந்த நாட்டில் இருக்க வேண்டும்.

*மூன்று, தண்ணீரும் கழிவும் ஒப்பந்தத்தில்.* ஜோர்டான் உலகின் கடுமையான தண்ணீர்ப் பஞ்ச நாடுகளில் ஒன்று. ஆலையை அங்கே வைத்தால் தண்ணீர் செலவும் ஜிப்சம் மலையும் அவர்கள் தலையில். அதற்கான செலவை உரத்தின் விலையில் சேர்க்காமல் விட்டால், கடனை அங்குள்ள விவசாயி கட்டுகிறார்.

*நான்கு, திறந்த கணக்கு.* எவ்வளவு எடுத்தார்கள், என்ன விலை, யாருக்கு எவ்வளவு ராயல்டி என்பதை இரு நாட்டு மக்களும் பார்க்க முடிய வேண்டும். சிப்பிக் குவியல் கரையில் எல்லோர் முன்பும் பிரிந்ததுபோல.

*ஐந்து, ஒரே வாசலை நம்பாதது.* 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. அகாபாவிலிருந்து இந்தியா வர வேண்டிய கப்பலுக்கு அதுவே வழி. நல்ல கூட்டாளி ஒருவர் இருந்தாலும், இரண்டாவது பாதை தேவை.

இந்தியா இப்போது புதிய கூட்டுகளைத் தேடுகிறது. வெளிநாட்டுக் கனிமங்களுக்காக 2019-ல் தொடங்கிய 'காபில்' என்ற அரசு நிறுவனம், 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவின் கத்தமார்கா மாநிலத்தில் 15,703 ஹெக்டேரில் லித்தியம் தேட ஒப்பந்தம் போட்டது. 2025 ஜனவரியில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. லித்தியத்துக்குக் காட்டும் அக்கறையைப் பொட்டாஷுக்கும் காட்ட வேண்டும் என்று கேட்கும் உரிமை விவசாயச் சங்கங்களுக்கு உண்டு. இஃப்கோவும் கிரிப்கோவும் கூட்டுறவு நிறுவனங்கள்தான். அவை வெளிநாட்டில் போடும் ஒப்பந்தம் பற்றிக் கேள்வி கேட்பது உறுப்பினர்களின் வேலை.

விவசாயிகளின் கேள்விகளும் பதில்களும்

*பொட்டாஷுக்கு உள்நாட்டில் மாற்றே இல்லையா?*
முழு மாற்று இல்லை. ஓரளவு உண்டு. சர்க்கரை ஆலைகளின் மொலாசஸ் கழிவிலிருந்து எடுக்கும் பொட்டாஷில் 14.5 சதவிகிதம் சாம்பல் சத்து இருக்கிறது. 2021 அக்டோபரில் இது மானியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. சத்து அளவு குறைவு என்பதால், ஒரு மூட்டை பொட்டாஷுக்குப் பதில் நான்கு மூட்டைக்குச் சற்று மேல் போட வேண்டும். விலையை அந்தக் கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

*டி.ஏ.பி கிடைக்காதபோது என்ன செய்வது?*
50 கிலோ டி.ஏ.பி மூட்டையில் 23 கிலோ மணிச்சத்தும் 9 கிலோ தழைச்சத்தும் இருக்கின்றன. சூப்பர் பாஸ்பேட்டில் 16 சதவிகிதம் மணிச்சத்து. மூன்று மூட்டை சூப்பரும், 20 கிலோ யூரியாவும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மூட்டை டி.ஏ.பி-க்குச் சமம். சூப்பரில் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதலாகக் கிடைக்கும். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் உளுந்து, பாசி போடுபவர்களுக்கும், நிலக்கடலை விவசாயிகளுக்கும் இது நல்லது.

*மண்ணில் ஏற்கெனவே உள்ள மணிச்சத்தை எடுக்க முடியுமா?*
வருஷக்கணக்கில் போட்ட மணிச்சத்தில் ஒரு பகுதி மண்ணோடு இறுகிக் கிடக்கும். பாஸ்போபாக்டீரியாவைத் தொழு உரத்தோடு கலந்து அடியுரமாக இட்டால், அதில் ஒரு பகுதியைக் கரைத்துப் பயிருக்குத் தரும். மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து 'அதிகம்' என்று இருந்தால், டி.ஏ.பி-யைக் குறைக்கலாம்.

*பாஸ்பேட் ஆலை ஜிப்சத்தை வயலில் போடலாமா?*
நிலக்கடலைக்கு விதைத்த 40 முதல் 45 நாளில் மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் என்பது பரிந்துரை. களர் நிலத்தைச் சீர்திருத்தவும் ஜிப்சம் உதவும். வேளாண் துறை பரிந்துரைக்கும் சரக்கை மட்டும் வாங்க வேண்டும். ஆலைக் குவியலிலிருந்து நேரடியாக அள்ளிவந்து கொட்டக் கூடாது.

*வாழைக்குப் பொட்டாஷைக் குறைத்தால் என்ன ஆகும்?*
தாரின் எடையும் காயின் பருமனும் குறையும். மண் பரிசோதனை செய்யாமல் குறைக்கக் கூடாது. மொத்தமாக ஒரே தடவை கொட்டாமல் பிரித்துக் கொடுத்தால் வீணாவது குறையும். அறுவடை முடிந்த மரத்தையும் இலையையும் எரிக்காமல் நறுக்கித் தோட்டத்திலேயே மட்க விட்டால், அவற்றில் உள்ள சாம்பல் சத்து அடுத்த பயிருக்குத் திரும்பும். கப்பலில் வர வேண்டிய மூட்டைகளில் ஒன்றிரண்டு அப்படித் தோட்டத்திலேயே கிடைத்துவிடும்.